கறுப்பு அம்பு எய்தவர்

தோட்டத்தில் ஒரு கிழவர். அவரைச் சுற்றிலும் முட்டைக்கோசுச் செடிகள். அவர் பழைய போர் வீரர். வில் வித்தையில் பெயர் எடுத்தவர். எத்தனையோ சண்டைகளில் தப்பிப் பிழைத்தவர். வயதான காலத்தில் மண்ணைக் கொத்திக் காய்கறி பயிரிட்டு வந்தார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, விர் என்று ஒரு சத்தம். காட்டுப் பக்கமிருந்து ஓர் அம்பு பாய்ந்து வந்தது. கிழவரின் முதுகில் தைத்தது. செடிகளின் நடுவே சுருண்டு விழுந்தார்.

அம்பைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அது கறுப்பு அம்பு. அதில் கிழவரின் பெயர் எழுதி இருந்தது!

சிறிது நேரத்தில், மாதா கோவில் கதவில் ஒரு சீட்டைக் கண்டார்கள். மொத்தம் நான்கு அம்புகளாம். நான்கு பேருக்காம். ஒன்று போய்விட்டது. மீதி மூன்று?

"கறுப்பு அம்பு" என்ற கதை இப்படித்தான் தொடங்குகிறது. 1883-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி முதல் அக்டோபர் 20-ந் தேதி வரை, 17 வாரம், லண்டனில் "யங் போக்ஸ்" என்ற சிறுவர் பத்திரிகையில் இது தொடர்கதையாக வந்தது. எழுதியவர் பெயர் கேப்டன் ஜார்ஜ் நார்த் என்று போட்டிருந்தது.

கேப்டன் என்றால் பையன்கள் என்ன நினைப்பார்கள்? பெரிய மீசை, இடுப்பில் வாள், முகத்தில் தழும்பு என்றுதானே!

உண்மையில் அந்தக் "கேப்டன்" ஒரு கத்தியைக்கூடத் தூக்கியது இல்லை. அவர் எலும்பும் தோலுமான மனிதர். அடிக்கடி இருமுவார். இருமினால் சில சமயம் வாயிலிருந்து ரத்தம் வரும். அப்போது அவருக்கு வயது 32. ஸ்காட்லாந்துக்காரர். உடல்நலத்துக்காக மனைவியுடன் பிரான்சின் தென்கரையில், இயேர் என்ற ஊரில், ஒரு பொம்மை வீடு போன்ற சிறு வீட்டில் குடியிருந்தார். இன்புளுவென்சா காய்ச்சல் அடித்து, உடம்பில் தெம்பே இல்லாத நேரத்தில் இந்தக் கதையைத் தொடங்கினார்.

அவருடைய உண்மைப் பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். "புதையல் தீவு" எழுதியவர் என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும்.

போர்வை மேல் போர்

ஸ்டீவன்சன் 1850-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி எடின்பரோ நகரில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அவருடைய குடும்பத்துக்கு ஸ்காட்லாந்து முழுவதும் பெயர். காரணம், கலங்கரை விளக்கம். தாத்தா கலங்கரை விளக்கம் கட்டினார். அப்பாவும் கட்டினார். பெரியப்பாவும் கட்டினார். கடலின் நடுவே, அலை மோதும் பாறையின் மீது விளக்கு ஏற்றிய குடும்பம் அது. எத்தனையோ மாலுமிகள் உயிரோடு வீடு திரும்ப அந்த விளக்குகள் காரணம்.

ஆனால் வீட்டில் பிறந்த ஒற்றைப் பிள்ளையோ எந்நேரமும் படுக்கையில் கிடந்தது. குளிர்காலம் வந்தால் காய்ச்சல், இருமல். இரவெல்லாம் தூக்கம் வராது. அலிசன் கன்னிங்காம் என்ற தாதி விடிய விடிய அருகில் இருந்து கதை சொல்வாள். பைபிள் கதைகள், பேய்க் கதைகள், மதத்துக்காக உயிர் விட்ட ஸ்காட்லாந்து மக்களின் கதைகள். பெற்ற தாயும் நோயாளிதான். ஆகவே தாதிதான் பிள்ளைக்கு இரண்டாவது தாய். பிற்காலத்தில் தம் குழந்தைப் பாடல் புத்தகத்தை அவளுக்கே ஸ்டீவன்சன் காணிக்கை ஆக்கினார்.

படுக்கையில் கிடந்த பையனுக்கு விளையாட்டு என்ன? ஈயத்தில் செய்த பொம்மைச் சிப்பாய்கள். போர்வையை மடக்கி மலை செய்வான். தட்டி விட்டு சமவெளி செய்வான். சிப்பாய்கள் அணி வகுத்துப் போவார்கள். போர்வை மேல் போர் நடக்கும்! சண்டையில் யாரும் சாவது இல்லை. விழுந்த சிப்பாயை மறுபடி நிற்க வைத்தால் போதும்.

எழுதப் படிக்கத் தெரியும் முன்பே கதை சொல்லத் தொடங்கிவிட்டான். 6 வயதில் மோசேயின் சரித்திரத்தை அவன் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். குடும்பத்துப் பிள்ளைகளுக்குள் நடந்த போட்டி அது. ஒரு படப் புத்தகம் பரிசாகக் கிடைத்தது. அந்த நாளிலிருந்து, எழுத்தாளன் ஆவது என்று பையன் மனதுக்குள் தீர்மானம் செய்துவிட்டான்.

அப்பாவின் தீர்மானம் வேறு. மகன் எஞ்சினியர் ஆகவேண்டும். இன்னும் பல பாறைகள் விளக்கு இல்லாமல் இருக்கின்றனவே!

அப்பாவும் மகனும்

1867-ம் ஆண்டு ஸ்டீவன்சன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் எஞ்சினியர் படிப்புக்குச் சேர்ந்தார். வகுப்புக்குப் போனதைவிடப் போகாத நாட்களே அதிகம். கையில் எப்போதும் இரண்டு புத்தகம் இருக்கும். ஒன்று படிக்க, ஒன்று எழுத. ஆனாலும் மூளை சும்மா இல்லை. கலங்கரை விளக்கின் ஒளியை விட்டு விட்டு எரியச் செய்வது பற்றி 1871-ல் ஒரு கட்டுரை படித்து வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

தகப்பனாருக்கு ஒரே மகிழ்ச்சி. சில நாளில் மகன் ஒரு குண்டைப் போட்டார். தமக்கு எஞ்சினியர் வேலை வேண்டாம், எழுதப் போவதாகச் சொல்லிவிட்டார்.

அப்பா கோபப்படவில்லை. ஆனால் எழுத்து சோறு போடாது என்பது அவருடைய கருத்து. வக்கீலுக்காவது படி என்றார். மகன் படித்தார். 1875-ல் வக்கீல் ஆனார். வீட்டு வாசலில் பித்தளைப் பெயர்ப் பலகையும் மாட்டினார்கள். வழக்குகள்தான் வரவில்லை.

இதற்கு நடுவே, 1873-ல் பெரிய மனத்தாங்கல் ஒன்று வந்தது. அப்பா தீவிர கிறிஸ்தவ பக்தர். மகனோ, தமக்கு அந்த நம்பிக்கை இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வீடு சாவு வீடு போல் ஆயிற்று. ஒரே பிள்ளை இப்படி ஆகிவிட்டதே என்று பெற்றோர் அழுதார்கள். பொய் சொல்லி இருந்தால் வீட்டில் அமைதி இருந்திருக்கும். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

அடுத்த குண்டு இன்னும் பெரிது.

1876-ல் பிரான்சில் கிரே என்ற ஊரில் ஒரு பெண்ணைச் சந்தித்தார். பெயர் பேனி. அமெரிக்கப் பெண். அவரைவிட 10 வயது மூத்தவள். திருமணம் ஆனவள். கணவனை விட்டுப் பிரிந்து, பிள்ளைகளுடன் ஓவியம் படிக்க வந்தவள். சில மாதங்களுக்கு முன்புதான் கடைசிப் பையனைப் பாரீசில் நோய்க்குப் பறிகொடுத்திருந்தாள்.

ஸ்டீவன்சன் மனதைப் பறிகொடுத்தார்.

1878-ல் பேனி அமெரிக்கா திரும்பினாள். மறு ஆண்டு அவளிடமிருந்து ஒரு தந்தி. அதில் என்ன இருந்தது என்பது இன்று வரை ரகசியம். ஸ்டீவன்சன் அப்பாவிடமும் சொல்லவில்லை, பணமும் கேட்கவில்லை. 1879 ஆகஸ்டு மாதம், பிழைப்புத் தேடி அமெரிக்கா போகும் ஏழைகளின் கப்பலில் ஏறினார். பிறகு அதே ஏழைகளோடு, மரப் பலகையில் படுத்து, ரயிலில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார். கலிபோர்னியா போய்ச் சேர்ந்தபோது பாதி உயிர்தான் இருந்தது. காட்டில் மயங்கி விழுந்தவரை, ஆடு வளர்ப்பவர்கள் எடுத்துப் போய்க் காப்பாற்றினார்கள்.

சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு வாடகை அறை. கையில் காசு கரைந்துகொண்டே வந்தது. 50 சென்டு சாப்பாட்டை 25 சென்டாகக் குறைத்தார். அந்த நிலையிலும் வீட்டுக்காரியின் 4 வயதுப் பையனுக்கு நிமோனியா காய்ச்சல் வந்தபோது, இரவும் பகலும் கண் விழித்துப் பார்த்துக்கொண்டார். பையன் பிழைத்தான். ஸ்டீவன்சன் விழுந்தார். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது.

செய்தி எடின்பரோவுக்கு எட்டியது. அப்பா மனம் கேட்குமா? இனி ஆண்டுக்கு 250 பவுன் கொடுப்பதாகத் தந்தி அடித்தார். 1880-ம் ஆண்டு மே 19-ந் தேதி, விவாகரத்துப் பெற்றுவிட்ட பேனிக்கும் ஸ்டீவன்சனுக்கும் திருமணம் நடந்தது.

மருமகளை அழைத்துக்கொண்டு ஊர் வந்தார் மகன். என்ன நடக்குமோ என்று எல்லோரும் பயந்தார்கள். மாமனாருக்கு மருமகளை மிகவும் பிடித்துப் போயிற்று! மகன் எழுதியதை எல்லாம் மருமகள் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்பவேண்டும் என்றுகூட அவர் சொன்னார்.

மழை கொடுத்த கதை

பேனியின் மகன் லாயிடும் கூட வந்தான். ஸ்டீவன்சனுக்கு அவன் மகன், தோழன், விளையாட்டுத் துணை எல்லாம்.

காசநோய்க்காரர்கள் தங்கும் டாவோஸ் என்ற சுவிஸ் மலை ஊரில் இவர்கள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அங்கே பரண் அறையின் தரை முழுவதும் சாக்கட்டியால் தேசப்படம் வரைந்தார்கள். ஆறு, பாலம், சாலை, நகரம் எல்லாம் உண்டு. ஈயச் சிப்பாய்கள் மறுபடியும் வந்தார்கள். படுத்துக்கொண்டே ஊர்ந்து ஊர்ந்து, நாள் கணக்கில் அப்பாவும் மகனும் போர் நடத்தினார்கள். போர்வை மேல் சண்டை போட்ட பையன் வளரவே இல்லை!

1881-ல் ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற ஊரில் விடாத மழை. வெளியே போக முடியவில்லை. 13 வயது லாயிடுடன் சேர்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஸ்டீவன்சன், ஒரு தீவின் படத்தை வரைந்தார். படத்திலிருந்து கதை பிறந்தது. தினம் ஓர் அத்தியாயம் எழுதி, மாலையில் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுவார். கலங்கரை விளக்கம் கட்டிய தகப்பனார் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்டார். கடல் கொள்ளைக்காரனின் பெட்டியில் என்னென்ன சாமான் இருக்கவேண்டும் என்று அவரே ஒரு ஜாபிதா எழுதிக் கொடுத்தார். எழுத்து வேண்டாம் என்றவர் கதைக்கு உள்ளேயே வந்துவிட்டார்.

அதுதான் "புதையல் தீவு". முதலில் "யங் போக்ஸ்" பத்திரிகையில்தான் வந்தது. இன்று உலகமே கொண்டாடும் அந்தக் கதையை அப்போது பத்திரிகைப் பையன்கள் பெரிதாக மதிக்கவில்லை. பத்திரிகை ஒன்றும் கூடுதலாக விற்கவில்லை.

1883 மே மாதம் அதைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் 100 பவுன் தர முன்வந்தார். இயேரில் இருந்த ஸ்டீவன்சன் துள்ளிக் குதித்தார். 32 வயது வரை அப்பா பணத்தை எதிர்பார்த்து வாழ்ந்தவருக்கு, தன் பேனாவில் சம்பாதித்த 100 பவுன் எவ்வளவு பெரிது!

அதே மாதத்தில்தான் "யங் போக்ஸ்" பத்திரிகை இன்னொரு கதை கேட்டது. மனைவி உண்டு. வளரும் பிள்ளை உண்டு. வைத்தியச் செலவு உண்டு. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? எழுத உட்கார்ந்தார். அல்ல, படுத்தார்.

பங்காளிச் சண்டை

கதைக்கு அவர் எடுத்துக்கொண்ட காலம், இங்கிலாந்தில் நடந்த "ரோஜாப் போர்" காலம்.

இது வெளிநாட்டான் படையெடுத்து வந்த போர் அல்ல. ஒரே பாட்டன் வழி வந்த இரண்டு அரச குடும்பங்கள், சிம்மாசனத்துக்காக அடித்துக்கொண்ட பங்காளிச் சண்டை. யார்க் குடும்பத்துக்கு வெள்ளை ரோஜா. லங்காஸ்டர் குடும்பத்துக்குச் சிவப்பு ரோஜா. 1455-ல் மூண்ட சண்டை 30 ஆண்டுக்கு மேல் விட்டு விட்டு நடந்தது. இன்று ஜெயித்தவன் நாளை தலை இழப்பான். 1461 மார்ச் 29-ந் தேதி டவுட்டன் என்ற இடத்தில் கொட்டும் பனியில் நடந்த போர், இங்கிலாந்து மண்ணில் நடந்த மிகக் கொடிய போர்களில் ஒன்று.

பெரிய மனிதர்கள் காற்று அடிக்கும் பக்கம் சாய்ந்தார்கள். "கறுப்பு அம்பு" கதையில் வரும் சர் டேனியல் அப்படிப்பட்டவர். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி.

அவர் வளர்க்கும் அநாதைப் பையன்தான் கதாநாயகன் டிக். அவனுக்கு நிலம் உண்டு. அந்தக் காலச் சட்டப்படி, தகப்பன் இல்லாத பிள்ளைக்கு யார் கார்டியனோ, பிள்ளை பெரியவன் ஆகும் வரை நிலத்தின் வருமானம் அவருக்கு. பிள்ளை யாரைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்பதும் அவர் கையில். அதை விலை பேசி விற்கலாம்! இது கட்டுக்கதை அல்ல. பாஸ்டன் என்ற குடும்பத்தார் அந்தக் காலத்தில் ஒருவருக்கு ஒருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. நிலத் தகராறு, கல்யாணப் பேரம், வீட்டுச் செலவு எல்லாம் அதில் உண்டு. ஸ்டீவன்சன் அவற்றைப் படித்துத்தான் இந்தக் கதைக்கு வேண்டியதை எடுத்தார்.

ஆண் வேடத்தில் ஓடிவரும் ஜோவன்னா என்ற பெண்ணைக் காட்டில் சந்திக்கிறான் டிக். பெண் என்று தெரியாமலே துணை போகிறான். தன்னை வளர்த்தவரே தன் தகப்பனைக் கொன்றவர் என்று பிறகு அறிகிறான். கறுப்பு அம்பு யாருக்காக வருகிறது என்பதும் புரிகிறது.

கதையில் ரிச்சர்டு என்ற கூன் முதுகு இளவரசன் வருகிறான். பிற்காலத்தில் 3-ம் ரிச்சர்டு மன்னன் ஆனவன். கதை நடக்கும் காலத்தில் நிஜ ரிச்சர்டு 8 வயதுப் பையன்! இது ஸ்டீவன்சனுக்கும் தெரியும். புத்தகத்தின் அடிக்குறிப்பில் அவரே அதைச் சொல்லிவிட்டார். அந்தக் கூன் விஷயமும் அப்படித்தான். 2012-ல் லெஸ்டர் நகரில், கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில், ரிச்சர்டின் எலும்புக் கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து இருந்தது. ஒரு தோள் சற்று உயர்ந்து இருந்திருக்கும். கதைகளில் வருவது போன்ற கூன் இல்லை. 2015-ல் அந்த எலும்புகளை மரியாதையுடன் மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

பத்திரிகைப் பையன்கள் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். "புதையல் தீவு" கதைக்குக் கிடைக்காத வரவேற்பு "கறுப்பு அம்பு" கதைக்குக் கிடைத்தது.

எழுதியவருக்கு மட்டும் இதில் பெருமை இல்லை. ராஜா நாடக வசனம் போல வெறும் ஆரவாரம் என்று நண்பருக்கு எழுதினார். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவர் எழுதியதை எல்லாம் முதலில் படித்து அபிப்பிராயம் சொல்லும் பேனி, இதைப் படிக்கவே மறுத்துவிட்டாள்! 1888-ல் இது புத்தகமாக வந்தபோது ஸ்டீவன்சன் ஒரு வேடிக்கை செய்தார். படிக்காத மனைவிக்கே புத்தகத்தைக் காணிக்கை ஆக்கினார்.

எழுதியவர் சொன்னாலும் அவர் மனைவி சொன்னாலும் சரி, இந்தக் கதையில் ஓர் இடம் அவருடைய எந்தக் கதைக்கும் குறைந்தது அல்ல.

ஜோவன்னாவை மீட்க டிக்குக்கு ஒரு கப்பல் தேவைப்படுகிறது. துறைமுகத்தில் ஆர்ப்லாஸ்டர் என்ற கிழவரின் கப்பல் நிற்கிறது. கிழவருக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து ஏமாற்றி, கப்பலைத் திருடிக்கொண்டு போகிறார்கள். போன காரியமும் நடக்கவில்லை. கப்பலும் உடைந்து போகிறது. கதாநாயகன் தப்பிவிடுகிறான். நாமும் கைதட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறோம்.

ஆனால் கிழவர் திரும்ப வருகிறார். டிக் போரில் வென்று, வீரன் என்று பட்டம் வாங்கி நிற்கும் நேரத்தில், தூக்கில் போட இழுத்துச் செல்லும் கைதிகளின் கூட்டத்தில் அந்தக் கிழவரைக் காண்கிறான். ரிச்சர்டு இளவரசனிடம் கெஞ்சி அவர் உயிரைக் காப்பாற்றுகிறான். அதனால் இளவரசனின் தயவையே இழக்கிறான். கிழவர் நன்றி சொன்னாரா? இல்லை. கப்பல் இருந்திருந்தால் நானும் என் ஆள் டாமும் இந்நேரம் கடலில் நிம்மதியாக இருந்திருப்போமே, டாமையும் கொன்றுவிட்டார்களே என்று புலம்புகிறார். டிக்குக்கு அப்போதுதான் உறைக்கிறது. தான் வீரம் என்று நினைத்துச் செய்தது, ஓர் ஏழையின் வாழ்க்கையை அழித்துவிட்டது. அதை அவனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஈயச் சிப்பாயை மறுபடி நிற்க வைத்தது போல் டாமை நிற்க வைக்க முடியாதே!

கூலிக்கு எழுதிய சிறுவர் கதையில் இதை எழுதச் சொல்லி யாரும் ஸ்டீவன்சனிடம் கேட்கவில்லை.

இருட்டறையில்

"கறுப்பு அம்பு" முடிந்த சில மாதங்களில் இயேரில் அவர் சாகக் கிடந்தார். 1884 மே மாதம் பெரிய ரத்தப் பெருக்கு. பேசக்கூடாது என்றார் வைத்தியர். கண் நோய் வேறு. அறையை இருட்டாக்கி, ரத்தம் கசியாமல் இருக்க வலது கையை உடம்போடு கட்டிவிட்டார்கள். அவர் இடது கையால், இருட்டில், குழந்தைப் பாடல்கள் எழுதினார்!

பிறகு இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகள். மருமகளுக்கு மாமனார் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார். 1886-ல் வந்த "டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைடு" கதை அவரை உலகப் புகழ் பெற்றவர் ஆக்கிற்று. முதலில் எழுதியது சரி இல்லை என்று பேனி சொன்னாள். எழுதியதை அப்படியே நெருப்பில் போட்டுவிட்டு, சில நாட்களில் முழுக் கதையையும் புதிதாக எழுதினார். பிரிட்டனில் மட்டும் 6 மாதத்தில் சுமார் 40,000 பிரதிகள் விற்றன.

1887-ல் தகப்பனார் இறந்தார். ஸ்டீவன்சன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு, குடும்பத்தோடு அமெரிக்கா போனார். 1888 ஜூன் மாதம் பசிபிக் கடலில் பாய்க்கப்பல் ஏறினார். கடல் காற்று உடம்புக்கு நல்லது என்பதே எண்ணம். அதன் பிறகு அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை.

நிஜப் போர்

தீவு தீவாகச் சுற்றினார். ஹவாய் நாட்டில் தொழுநோயாளிகள் வாழும் மோலோகாய் குடியிருப்புக்குப் போய், அங்குள்ள சிறுமிகளுடன் பந்து விளையாடினார். கடைசியில் சமோவா தீவில் வைலிமா என்ற இடத்தில் 300 ஏக்கருக்கு மேல் காட்டு நிலம் வாங்கி வீடு கட்டினார். சமோவா மக்கள் அவரை "டுசிடாலா" என்றார்கள். கதை எழுதுகிறவர் என்று பொருள்.

அங்கே ஒரு சின்ன வேடிக்கை. அமெரிக்க அதிகாரி ஒருவரின் மகள், கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவள். தனியாகப் பிறந்த நாள் கொண்டாட வழி இல்லை என்று குறைப்பட்டாளாம். வக்கீல் படிப்பு ஸ்டீவன்சனுக்கு வாழ்க்கையில் ஒருமுறை உதவியது! தம் பிறந்த நாளான நவம்பர் 13-ந் தேதியை அவளுக்குத் தானம் செய்து முறைப்படி பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் சமோவாவில் நிம்மதி இல்லை. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் அந்தச் சின்னத் தீவுகளுக்காகப் போட்டி போட்டன. இவை ஆதரித்த அரசர் லாவுபெபா. மக்களில் பலர் விரும்பிய தலைவர் மத்தாபா. மறுபடியும் பங்காளிச் சண்டை! இங்கிலாந்தில் 400 ஆண்டுக்கு முன் நடந்ததாகப் படுக்கையில் கிடந்து எழுதினாரே, அது இப்போது அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது.

ஸ்டீவன்சன் சும்மா இருக்கவில்லை. மத்தாபா பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்தார். லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1892-ல் சமோவாவின் கஷ்டங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இரண்டு பக்கத்தையும் சமாதானம் செய்ய அலைந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் முறைத்தார்கள். அவரை நாடு கடத்தலாமா என்றுகூட யோசித்தார்கள்.

பயன் இல்லை. 1893 ஜூலை மாதம் போர் மூண்டது. வெட்டிய தலைகளை வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒரு பெண்ணின் தலையும் இருந்தது. அது சமோவா மக்களே கேட்டு நடுங்கிய செய்தி. ஆபியா நகரில் காயம் பட்டவர்கள் கிடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார் ஸ்டீவன்சன். ஈயச் சிப்பாய்களோடு வளர்ந்தவர், 42-ம் வயதில், ரத்தம் சிந்தும் சிப்பாய்களைக் கண்டார்.

மத்தாபா தோற்றார். அவரைக் கப்பலில் ஏற்றி, தூரத்துத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பக்கத்துத் தலைவர்கள் சிறையில் அடைபட்டார்கள்.

தோற்றவனைத் தேடி யார் போவார்கள்? ஸ்டீவன்சன் போனார். புகையிலை கொண்டு போனார். சமோவாக்காரர்கள் விரும்பிக் குடிக்கும் காவா கொண்டு போனார். நோய் வந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார். மறுபடி மறுபடி போனார். கைதிகள் சிறைக்குள்ளேயே அவருக்கு ஒரு விருந்து வைத்தார்கள்!

1894-ல் விடுதலை கிடைத்தது. தலைவர்கள் நேரே வைலிமாவுக்கு வந்தார்கள். அவருடைய வீட்டுக்கு நல்ல பாதை இல்லை. அதை நாங்கள் போடுகிறோம் என்றார்கள். கூலி வேண்டாம், சாப்பாடு வேண்டாம், கருவிகள் மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள். சமோவாவில் ஒரு தலைவர் சாலை வேலை செய்வது என்பது லேசான காரியம் அல்ல. வெயிலில் நின்று, கல்லைப் புரட்டி, சேற்றை வெட்டிச் சாலை போட்டார்கள். அக்டோபரில் வேலை முடிந்தது. "அன்பு உள்ளங்களின் சாலை" என்று பெயர் வைத்து, தங்கள் பெயர்களையும் பலகையில் எழுதி நட்டார்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டிசம்பர் 3-ந் தேதி காலையில் ஸ்டீவன்சன் வழக்கம்போல் எழுதினார். பேனிக்கு அன்று காரணம் தெரியாத கலக்கம். ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளைச் சிரிக்க வைக்க, அவர் கூட உட்கார்ந்து சீட்டு ஆடினார். மாலையில் தாழ்வாரத்தில் நின்று இருவரும் சமையலுக்குக் கை உதவி செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தன் முகம் மாறிவிட்டதா என்று அவளைக் கேட்டார். அப்படியே சாய்ந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. இரவு 8 மணி தாண்டியதும் உயிர் பிரிந்தது. ஆயுள் எல்லாம் நெஞ்சு நோய்க்குப் பயந்து ஓடியவர், அந்த நோயால் சாகவில்லை. வயது 44.

வீட்டின் பின்னால் வாயியா மலை. அதன் உச்சியில் தன்னைப் புதைக்கவேண்டும் என்று முன்பே சொல்லி இருந்தார். மேலே போக வழி கிடையாது. அடர்ந்த காடு. செய்தி கேட்டுத் தலைவர்கள் ஓடி வந்தார்கள். தங்களிடம் இருந்த விலை உயர்ந்த பாய்களை அவர் உடல் மீது போர்த்தினார்கள். இரவு முழுவதும் அருகில் உட்கார்ந்து இருந்தார்கள். விடிந்ததும் கோடரியும் கத்தியும் எடுத்துக்கொண்டு சுமார் 40 பேர் மலையில் ஏறினார்கள். மரங்களை வெட்டி, உச்சி வரை வழி திறந்தார்கள். மதியம் அந்தச் செங்குத்தான பாதையில், சவப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிச் சென்றார்கள்.

பேனி 1914-ல் அமெரிக்காவில் இறந்தாள். அவளுடைய சாம்பலை மறு ஆண்டு மகள் கொண்டுவந்து அதே மலை உச்சியில், கணவனின் சமாதியில் வைத்தாள். வைலிமா வீடு இப்போது காட்சி சாலை.

அடக்கம் முடிந்த பிறகு தலைவர்கள் ஒரு கட்டளை போட்டதாக சமோவாவில் சொல்கிறார்கள். அந்த மலையில் இனி யாரும் துப்பாக்கி சுடக்கூடாது. டுசிடாலா தூங்கும் இடத்தில் பறவைகள் பயப்படாமல் பாடவேண்டும்.